குளத்துப் பறவைப் படம் ஏன் சரியாக வரவில்லை? குறையைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

கார்த்திகை பிறந்து தண்ணீர் ஏறியதும் கோவைக் குளக்கரைகளில் கேமராவோடு நிற்பவர்களின் எண்ணிக்கையும் ஏறிவிடும். உக்கடம் பெரியகுளம், சிங்காநல்லூர், குறிச்சி, வெள்ளலூர், சூலூர் என்று நொய்யலை நம்பியிருக்கும் குளங்கள் ஊரைச் சுற்றியே கிடப்பதால், நாமக்கோழியையும் முக்குளிப்பானையும் நீர்க்காகத்தையும் பார்க்க வெளியூர் போக வேண்டியதில்லை. காலை நடைக்குப் போகிற இடத்திலேயே நிற்கின்றன. படம்தான் நினைத்தபடி வருவதில்லை. உடனே “லென்ஸ் பத்தவில்லை” என்று முடிவுகட்டி, ஒரு லட்ச ரூபாய்க்குக் கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறோம். பெரும்பாலும் கோளாறு நிற்கிற கரையிலோ, போகிற நேரத்திலோ, கேமராவில் மாறிக் கிடக்கும் ஓர் அமைப்பிலோ இருக்கும். மூன்றையும் சரிசெய்யக் காசு வேண்டாம்.

உங்கள் படத்தில் என்ன குறையோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். அதற்கு முன் ஒரே ஒரு வேலை.

முதலில் கேமராவை ஒரு நிலைக்குக் கொண்டுவாருங்கள்

ஏற்கெனவே பத்து இடத்தில் மாற்றி வைத்த கேமராவில் குறை தேடினால் தலையும் புரியாது, வாலும் புரியாது. மேனுவல் மோடு, அப்பர்ச்சர் லென்ஸின் முழுத் திறப்பு (எஃப் 5.6 அல்லது 6.3), ஷட்டர் 1/1000 நொடி, ஐஎஸ்ஓ (சென்ஸார் ஒளியை உணரும் திறன்) ஆட்டோ, அதற்கு உச்சவரம்பு 6400. ஃபோகஸ் தொடர்முறையில் இருக்கட்டும்: கேனானில் சர்வோ, நிக்கானிலும் சோனியிலும் ஏஎஃப்-சி. படங்கள் ரா ஃபார்மட்டில் (பிறகு கணினியில் திருத்த இடம் தரும், சுருக்கப்படாத மூலக் கோப்பு). பல புதிய கேமராக்களில் இந்த நிலையிலும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் சக்கரம் (கேமரா கணக்கிட்ட வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது) வேலை செய்யும். உங்களுடையதில் செய்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். கீழே அது அடிக்கடி வரும்.

பிறகு அசையாமல் நிற்கிற ஒரு பெரிய பறவையை, உதாரணமாக ஒரு சாம்பல் நாரையை, ஒரே இடத்திலிருந்து வரிசையாகப் பத்துப் படம் எடுங்கள். சோதனைக்கு இதுதான் அடிப்படை. பறந்துபோன மீன்கொத்தியை வைத்து லென்ஸைக் குறை சொல்வது நியாயமில்லை.

குறை: படம் மசமசவென்று இருக்கிறது

எல்லோருக்கும் வருகிற புகார் இதுதான். காரணங்களும் இதற்குத்தான் அதிகம். அந்தப் பத்துப் படங்களையும் கணினியில் 100 சதவீத அளவில் திறந்து, ஒன்றையொன்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

*பறவை மசங்கி, வேறு ஏதோ துல்லியமாக இருக்கிறதா?* அப்படியானால் ஃபோகஸ் தவறிய இடத்தில் விழுந்திருக்கிறது. முன்னால் உள்ள சம்பு, ஆகாயத்தாமரை இலை, தண்ணீரின் சிற்றலை ஆகிய மூன்றும்தான் வழக்கமான திருடர்கள். வெயில் பட்ட சிற்றலையில் ஒளியும் நிழலும் மாறி மாறி வருவதால், மங்கலான பழுப்பு நிற முக்குளிப்பானை விட அதுதான் ஃபோகஸுக்கு எளிதாகப் பிடிபடும். ஃபோகஸ் பகுதியை ஒற்றைப் புள்ளியாகவோ மிகச் சிறிய கட்டமாகவோ குறைத்துவிடுங்கள். பறவைக் கண்ணைத் தானே கண்டுபிடிக்கும் வசதி உள்ள கேமரா என்றாலும், புதருக்குள் மேய்கிற நீலத் தாழைக்கோழியிடம் அது தடுமாறும். அங்கே ஒற்றைப் புள்ளிதான் கைகொடுக்கும். திறந்த தண்ணீரில் நீந்துவதற்கும் வானத்தில் பறப்பதற்கும் கண் தேடும் வசதியைத் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள்.

*அலகு நுனி துல்லியம், கண் மசங்கல்?* இது கேமராவின் தவறே இல்லை. 500 மி.மீ. லென்ஸில், எஃப் 6.3-இல், 10 மீட்டர் தூரத்தில் துல்லியமாகத் தெரியும் ஆழம் க்ராப் சென்ஸாரில் (அளவில் சிறியது) சுமார் 10 செ.மீ., ஃபுல் ஃபிரேமில் (பெரிய சென்ஸார்) 15 செ.மீ. கூழைக்கடாவின் அலகு மட்டுமே ஓர் அடி நீளம். அது உங்களை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றால் அலகு, கண் இரண்டும் அந்த ஆழத்துக்குள் அடங்காது. எஃப் 8-க்குப் போனாலும் இரண்டு மூன்று செ.மீ.தான் கூடும். அது பக்கவாட்டில் திரும்பும்வரை பொறுத்திருப்பதுதான் வழி. கண்ணில் ஃபோகஸ் வையுங்கள். வால் மசங்கினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

*எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருக்கிறதா?* அப்படியானால் கை ஆட்டம். பறவை மட்டும் இழுபட்டு, பக்கத்துக் கல் தெளிவாக இருந்தால் பறவையின் ஆட்டம். இரண்டுக்கும் ஷட்டர் வேகம்தான் மருந்து. அசையாமல் நிற்கும் கொக்குக்கு 1/500 போதும். நீந்தும் நாமக்கோழிக்கு 1/800. சேற்றைக் குத்திக்கொண்டே நடக்கும் நெடுங்கால் உள்ளானுக்கு 1/1000-க்குக் குறையக் கூடாது. சிறகடிக்கும் வாத்துக்கு 1/2000-இலிருந்து தொடங்குங்கள். ஒரே இடத்தில் படபடத்து நின்று கீழே பாயும் கருவெள்ளை மீன்கொத்திக்கு 1/3200 வரை போனாலும் சிறகு நுனி கொஞ்சம் கலங்கத்தான் செய்யும். ஐஎஸ்ஓ ஏறிப் புள்ளி விழுகிறதே என்று ஷட்டரைக் குறைக்காதீர்கள். புள்ளியைப் பிறகு மென்பொருளில் குறைக்கலாம், இழுபட்டதை ஒட்ட முடியாது.

*பத்துப் படத்தில் இரண்டு தெளிவு, எட்டு கலங்கல், ஓரங்கள் நெளிகின்றனவா?* இது வெப்ப அலை. பலர் லென்ஸை சர்வீஸுக்குக் கொடுக்க முடிவெடுப்பது இதைப் பார்த்துத்தான். ஒரே ஃபோகஸ், ஒரே ஷட்டர், ஒரே பறவை, இருந்தும் படத்துக்குப் படம் தெளிவு மாறினால் உங்களுக்கும் பறவைக்கும் நடுவில் உள்ள காற்று ஆடுகிறது என்று பொருள். ஃபோகஸ் கோளாறு என்றால் பத்தும் ஒரே மாதிரி மசங்கியிருக்கும். குளிர்காலம்தானே என்று நினைக்க வேண்டாம். கரையில் பதித்த கல்லும் சிமெண்டும் ஒன்பதரை மணிக்கே சூடேறிவிடும். அதிகாலையிலும் ஒரு வகை உண்டு: குளிர்ந்த காற்றுக்குக் கீழே தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பதால் ஆவி எழுந்து தூரத்துப் பறவை மெழுகித் தெரியும். நடைபாதையின் மேலாகப் பார்க்காமல் தண்ணீரின் ஓரத்துக்கே போய் நில்லுங்கள். 20 மீட்டருக்குள் இருக்கிற பறவையை மட்டும் எடுங்கள். நடுக்குளத்து வாத்தை மறுநாள் காலைக்கு விட்டுவிடுங்கள். காருக்குள்ளிருந்து எடுப்பவர்கள் என்ஜினை அணைத்து, எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிச் சற்று நேரம் பொறுக்க வேண்டும். உள்ளேயும் வெளியேயும் வெப்பம் வேறுபட்டால் ஜன்னலிலேயே காற்று நெளியும்.

*மேலே எதுவும் பொருந்தாமல், பத்தும் ஒரே மாதிரி மென்மையாக இருக்கிறதா?* லென்ஸின் முன்னால் திருகியிருக்கும் மலிவான பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதே பத்துப் படத்தைத் திரும்ப எடுங்கள். நீண்ட லென்ஸில் அதனால் வருகிற கெடுதல் கொஞ்சநஞ்சமல்ல. ஹுட் மாட்டினாலே பாதுகாப்புக்குப் போதும். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டித் தூரத்தைப் பெரிதாக்கும் டெலிகன்வெர்ட்டர் இருந்தால் அதையும் கழற்றிப் பாருங்கள். பழைய லென்ஸ்களை டிரைபாடில் வைத்தால் அதிர்வுத் தடுப்பை அணைத்துவிட வேண்டும். இத்தனைக்கும் பிறகும் மாறவில்லை என்றால்தான் சர்வீஸ் சென்டர்.

பிரிட்ஜ் கேமரா (லென்ஸைக் கழற்ற முடியாத, நீண்ட ஜூம் உள்ள கேமரா) வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. முழு ஜூமில் போனால் சின்ன சென்ஸாருக்கு வரும் வெளிச்சம் மிகக் குறைவு, வெப்ப அலையும் பல மடங்கு பெரிதாகத் தெரியும். ஜூமை முக்கால்வாசிக்கு இழுத்து, கரைச்சுவரில் கேமராவை ஊன்றி, வெயில் வந்த பிறகு எடுங்கள். அருகில் நிற்கும் மடையானுக்கு அந்தக் கேமரா அருமையாக வேலை செய்யும்.

குறை: கொக்கின் இறகு விவரம் தெரியவில்லை, நாமக்கோழி வெறும் கருப்பாக விழுகிறது

இரண்டும் ஒரே நோய். கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தர வெளிச்சமாக ஆக்கப் பார்க்கும். கரும்பச்சைத் தண்ணீருக்கு நடுவே ஒரு சின்னக் கொக்கு நின்றால், தண்ணீரைப் பார்த்து “இருட்டாக இருக்கிறது” என்று படத்தை வெளிச்சமாக்கும். கொக்கின் வெள்ளை பர்ன் ஆகிவிடும், அதாவது விவரமே இல்லாத வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். வானம் பளபளக்கும் தண்ணீரில் நாமக்கோழி நீந்தினால் தண்ணீரைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைக்கும், பறவை இருண்டுவிடும்.

அதனால் பின்னணியைப் பார்த்துக் காம்பன்சேஷன் வையுங்கள். இருண்ட தண்ணீரில் வெள்ளைப் பறவை என்றால் −1 அல்லது அதற்கும் கொஞ்சம் கீழே. பளபளக்கும் தண்ணீரில் கருப்புப் பறவை என்றால் +1. வெளிர்ந்த வானத்தில் பறக்கும் நீர்க்காகம் என்றால் +1.5 வரை தாராளமாகப் போகலாம். வெள்ளை பர்ன் ஆகும் இடத்தை மினுக்கிக் காட்டும் வசதி பெரும்பாலான கேமராக்களில் இருக்கிறது. மெனுவில் தேடி அதைப் போட்டுவையுங்கள். கொக்கின் முதுகு மினுக்கினால் இன்னும் குறைக்க வேண்டும். ஹிஸ்டோகிராமில் (படத்தின் வெளிச்சத்தைக் காட்டும் வரைபடம்) மேடு வலது மூலையில் ஒட்டிக்கொள்ளாமல், அதற்குச் சற்று முன்னே நின்றால் சரி.

வெயில் நிலையாக இருக்கும் நாளில் இதை விடவும் நல்ல வழி, ஆட்டோ ஐஎஸ்ஓவையே விட்டுவிடுவது. வெயில் உறைத்த பிறகு ஐஎஸ்ஓ 400, எஃப் 6.3, ஷட்டர் 1/4000 என்று பூட்டிவிட்டால் வெண்கொக்கு எந்தப் பின்னணியில் போனாலும் அதன் வெள்ளை ஒரே மாதிரி விழும். பறவை மேல் விழும் வெயில் மாறவில்லையே, பின்னணி மட்டும்தானே மாறுகிறது! ஷட்டரை 1/2000-க்கு இறக்கினால் அதே இடத்தில் நாமக்கோழிக்கும் நீர்க்காகத்துக்கும் சரியாகிவிடும். மேகம் வந்து போகிற நாளில் மட்டும் ஆட்டோவுக்குத் திரும்புங்கள்.

நாமக்கோழியிடம் ஒரு சிக்கல் உண்டு. உடல் கருப்பு, நெற்றியில் பளிச்சென்ற வெள்ளை நாமம். கருப்பைக் காப்பாற்றப் போனால் நாமம் பர்ன் ஆகும். நாமத்தை அளவுகோலாக வைத்து எடுத்து, உடலின் இருட்டை ரா ஃபைலில் தூக்குங்கள். சரியாகத் தூக்கினால் அந்தச் சிவப்புக் கண்ணும் தெரியவரும்.

குறை: கண்ணில் ஒளி இல்லை, முகம் நிழலாக இருக்கிறது

இங்கே அமைப்பு எதையும் தொடாதீர்கள். கரையை மாற்றுங்கள்.

நம் பக்கத்து நிலம் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிகிறது. நொய்யலும் அப்படித்தான் ஓடுகிறது. ஆகவே தண்ணீரைத் தடுத்து நிறுத்தும் உயர்ந்த கரை பெரும்பாலான குளங்களில் கிழக்குப் பக்கமாகவோ அதை ஒட்டியோ இருக்கும். காலையில் அந்தக் கரைமேல் நின்று மேற்கே பார்த்தால் சூரியன் உங்கள் முதுகில்; பறவையின் முகத்தில் முழு வெளிச்சம், கண்ணில் ஒரு பொட்டு ஒளி. குளம் வெட்டியவர் புகைப்படக்காரரை மனதில் வைத்து வெட்டவில்லை என்றாலும் நமக்கு வசதியாக அமைந்துவிட்டது. மாலையில் இதே கரை எதிர்வெளிச்சம். அப்போது மேற்குப் பக்கத்துக்கு வண்டியைத் திருப்புங்கள், அல்லது நிழலுருவப் படம் எடுக்கப் போகிறோம் என்று தெரிந்தே நில்லுங்கள். நெடுங்கால் உள்ளானும் இறக்கை விரித்த நீர்க்காகமும் அதற்கு ஏற்றவை. உருண்டையாக மிதக்கும் முக்குளிப்பான் ஏற்றதல்ல.

குளிர்காலத்துக்கு இன்னொரு சலுகையும் உண்டு. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்தே போகிறது. டிசம்பர் 21 வாக்கில் கோவையில் நடுப்பகலில்கூட அது 55 பாகை உயரம்தான் ஏறும். சித்திரையில் உச்சந்தலையில் நின்று பறவையின் வயிற்றை இருட்டாக்குகிற வெயில் இப்போது இல்லை. தெற்குக் கரையில் நின்று வடக்கே பார்த்தால் பத்து மணி தாண்டியும் வெளிச்சம் பயன்படும். கூடவே வெப்ப அலை தொடங்கிவிடும் என்பதால் கிட்டத்துப் பறவைகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரியில் இங்கே சூரியன் எழுவதே 6.45 மணி வாக்கில். ஐந்தரைக்கே கரைக்கு வந்து ஐஎஸ்ஓ 12800-இல் கருப்பு வாத்துகளை எடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆறரைக்கு வந்து, வெளிச்சம் வருவதற்குள் எந்தப் பறவை எங்கே மேய்கிறது என்று பார்த்து உட்காரும் இடத்தைப் பிடித்தால் போதும். ஏழிலிருந்து எட்டரை வரை கிடைப்பதுதான் அன்றைய படம்.

குறை: பறவை படத்தில் குண்டூசித் தலை அளவே இருக்கிறது, கிட்டப் போனால் விலகிப் போகிறது

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். முக்குளிப்பான் ஒரு சாண் நீளத்துக்கு மேல் கொஞ்சம், ஏறக்குறைய 27 செ.மீ. க்ராப் சென்ஸார் கேமராவில் 300 மி.மீ. லென்ஸோடு 30 மீட்டரிலிருந்து எடுத்தால் அது படத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். 500 மி.மீ. லென்ஸோடு அதே இடத்தில் நின்றால் ஐந்தில் ஒரு பங்கு. 300 மி.மீ. லென்ஸோடு 15 மீட்டருக்குப் போனாலோ, அங்கும் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாது. நெருங்கினாலே புது லென்ஸின் வேலை முடிந்துவிடுகிறது. எப்படி நெருங்குவது என்பதுதான் கேள்வி.

நேராக நடந்து போகாதீர்கள். பறவைக்கு அது பாய்ச்சலாகத்தான் தெரியும். குறுக்காக, வேறெங்கோ போவதாக நடந்து, நடுநடுவே நின்று, கடைசியில் உட்கார்ந்துவிடுங்கள். முக்குளிப்பான் முங்கியதும் நாலடி முன்னே வைத்து, அது மேலே வருவதற்குள் அசையாமல் நின்றுவிடலாம். முங்கினால் பத்து இருபது நொடி கிடைக்கும். ஆனால் இதெல்லாம் இரண்டாம்பட்சம். உட்கார்ந்த இடத்தை விட்டு அரை மணி நேரம் நகராமல் இருந்தால் நாமக்கோழிகள் தாமே மேய்ந்துகொண்டு கிட்டே வந்துவிடும். நடைபாதை உள்ள குளங்களில் பறவைகளுக்கு நடந்துபோகிறவர்கள் பழக்கம். நின்று உற்றுப் பார்ப்பவரைத்தான் பிடிக்காது. ஆள் உட்கார்ந்துவிட்டால் மறந்துவிடும். இடையில் யாராவது வந்து “ஏனுங்க, அது என்ன பறவைங்க?” என்று கேட்பார்கள், தாழ்ந்த குரலில் பதில் சொல்லி அவரையும் உட்கார வைத்துவிடுங்கள், அவர் நின்றால்தான் சிக்கல்.

மீன்பிடிப் பரிசல் இறங்கும் நேரத்தைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பரிசல் போகும் பக்கத்திலிருந்து பறவைகள் மெல்ல எதிர்ப்பக்கம் ஒதுங்கும். அந்த எதிர்ப்பக்கத்தில் முன்னதாகவே உட்கார்ந்திருந்தால் அவை உங்களிடம் வரும். யாரையும் விரட்ட வேண்டிய அவசியமும் இல்லை.

தண்ணீர் ஓரத்தில் உட்காரும் முன் குச்சியால் புல்லைத் தட்டிவிடுங்கள். கரைப் புதர்களில் பாம்பு உண்டு. கழிவுநீர் சேரும் முனையில் படுத்துப் படம் எடுப்பதையும் தவிர்க்கலாம், எந்தப் படமும் அவ்வளவு பெறாது.

குறை: பறவை தண்ணீரில் ஒட்டவைத்தது மாதிரி தட்டையாக இருக்கிறது

மேலிருந்து பார்க்கிறீர்கள். உயரமான கரை வெளிச்சத்துக்கு நல்லது, கோணத்துக்குக் கெட்டது. தண்ணீர் மட்டத்துக்கு மேலே உங்கள் கண் 4 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 மீட்டரில் உள்ள பறவையை 27 பாகை சாய்வில் பார்க்கிறீர்கள். பின்னணி முழுக்கத் தண்ணீர்தான். 40 மீட்டரில் உள்ள பறவைக்குச் சாய்வு 6 பாகைக்கும் குறைவு. பின்னணி தூரத்துக்குப் போய்க் கரைந்துவிடும்.

இது முந்தைய பகுதியோடு முட்டுகிறதே என்றால், ஆமாம், முட்டுகிறது. கிட்டப் போனால் அளவு கிடைக்கும், கோணம் போகும். இரண்டும் வேண்டுமென்றால் கரை தாழ்கிற இடத்தைத் தேட வேண்டும்: மதகுப் படிகள், கலிங்கு (மிகை நீர் வழிந்தோடும் இடம்), ஓடை வந்து சேரும் வாய், மாடு இறங்கித் தண்ணீர் குடிக்கும் சரிவு. ஒவ்வொரு குளத்திலும் இப்படி ஒன்றிரண்டு இடம்தான் இருக்கும், அதைக் கண்டுபிடிக்க ஒரு காலைப்பொழுதைக் கேமரா இல்லாமல் செலவழித்தாலும் தகும். திரை மடங்கும் கேமராவாக இருந்தால் படுக்க வேண்டாம். அரிசியோ பாசிப்பயறோ போட்டுத் தைத்த துணிப்பையைத் தரையில் வைத்து, மேலிருந்து திரையைப் பார்த்தே எடுக்கலாம்.

பிம்பம் சேர்த்து எடுக்கும்போது இன்னொன்று. படம் சாய்ந்திருக்கிறதா என்று தண்ணீரின் விளிம்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்; கரை வளைந்து போவதால் அது ஏமாற்றும். பறவையின் கண்ணும் பிம்பத்தின் கண்ணும் நேர்க்குத்தாக ஒரே கோட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இருக்கும்வரை படத்தைத் திருப்புங்கள்.

குறை: பறக்கும் படமெல்லாம் முதுகாகவே வருகிறது

பறவை உங்களைப் பார்த்துப் பயந்து போனால் முதுகுதான் கிடைக்கும், அதில் ஆச்சரியமில்லை. அப்படி இல்லாமல் தானாக எழும்போதும் முதுகு வருகிறதென்றால், காற்று உங்கள் முகத்தில் அடிக்கும் பக்கத்தில் நிற்கிறீர்கள்.

நீர்ப்பறவைகள் காற்றை எதிர்த்தே எழும், எதிர்த்தே இறங்கும். நாமக்கோழி தண்ணீர்மேல் தடதடவென்று ஓடி எழுவதைப் பார்த்தால் திசை தெளிவாகத் தெரியும். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் இங்கே காற்று கிழக்கிலிருந்து வந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கே போகிறது. கிழக்குக் கரையில் நின்றால் காற்று உங்கள் முதுகில் படும். எழும் பறவை உங்கள் பக்கமாக வரும். காலை வெயிலும் முதுகில்தான் என்பதை நினைவில் வையுங்கள். குளிர்காலக் காலையில் வெயிலும் காற்றும் ஒரே கரையில் சேர்ந்து உதவுகின்றன. ஆடியில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும்.

திசை சரி, ஃபோகஸ்தான் பிடிக்கவில்லை என்றால், பறவை தூரத்தில் இருக்கும்போதே வியூஃபைண்டருக்குள் கொண்டுவந்து, கிட்டே வரும்வரை தொடர்ந்து வாருங்கள். பக்கத்தில் வந்த பிறகு தேடினால் கிடைக்காது. லென்ஸில் ஃபோகஸ் எல்லைப் பொத்தான் இருந்தால் தூரத்துக்கு மட்டும் என்று வைத்துவிடுங்கள். மீசை ஆலாவில் தொடங்க வேண்டாம், அது நொடிக்கொரு திசை மாற்றும். கூழைக்கடாவில் தொடங்குங்கள்.

கல் எறிந்தோ கை தட்டியோ கூட்டத்தை எழுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். வலசை வந்த வாத்துகளும் உள்ளான்களும் வசந்தத்தில் வடக்கே திரும்பிப் பறப்பதற்கான கொழுப்பை இங்கேதான் சேர்க்கின்றன. உங்கள் ஒரு படத்துக்காக அதைச் செலவழிக்க வைக்காதீர்கள். அப்படி எடுத்த படத்திலும் முதுகுதான் இருக்கும்.

குறை: வாத்து எப்போதும் தூங்கிக்கொண்டே இருக்கிறது

ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் பெரும்பாலும் இரவில் மேயும். பகலில் அலகை முதுகு இறகுக்குள் செருகிக்கொண்டு நடுக்குளத்தில் மிதக்கும். பதினொரு மணிக்குப் போனால் தூக்கம்தான் படம். காலை முதல் ஒரு மணி நேரமும் மாலை கடைசி ஒரு மணி நேரமும் விழித்திருக்கும்.

குளிக்கிற வாத்தைப் பார்த்தால் கேமராவை இறக்காதீர்கள். தலையை முக்கி முக்கி எடுத்து, இறகு கோதி முடித்ததும் நிமிர்ந்து எழுந்து இரண்டு மூன்று முறை சிறகடிக்கும். அநேகமாகத் தப்பாமல் நடக்கும். ஷட்டரை 1/2000-க்கு ஏற்றி, சிறகு விரிய இடம்விட்டு ஃபிரேமைக் கொஞ்சம் தளர்த்தி, காத்திருங்கள். புள்ளிமூக்கு வாத்து ஆண்டு முழுக்க இங்கேயே இருப்பதால் பயிற்சிக்கு அதுவே தோது.

குறை: நிறம் சரியில்லை

வெள்ளைப் பறவையின் வயிற்றில் மட்டும் பச்சை அடிக்கிறதென்றால் அது ஆகாயத்தாமரையிலிருந்தோ பாசியிலிருந்தோ உண்மையாகவே தெறித்த ஒளி. ஒயிட் பேலன்ஸை மாற்றினால் மொத்தப் படமும் கெடும். அந்த இடத்தில் மட்டும் பச்சையின் செறிவைக் குறையுங்கள். படம் முழுக்க நீலமென்றால் வெயில் வருவதற்கு முன் எடுத்தது. ரா ஃபைலில் எளிதாகத் திருத்தலாம். தண்ணீரின் நிறம் பிடிக்கவில்லையென்றால் நீங்கள்தான் நகர வேண்டும். தண்ணீர் காட்டுவது எதிர்க்கரையின் நிறத்தை. இரண்டடி தள்ளினால் குப்பைமேட்டின் பிம்பம் போய்த் தென்னையின் பிம்பம் வரும். தண்ணீரின் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் கண்ணாடி வாங்கச் சொல்வார்கள். ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தைத் (ஒரு ஸ்டாப் என்றால் பாதி வெளிச்சம்) தின்றுவிடும், பறவைக்கு அது கட்டுப்படியாகாது.

சில்லறைத் தொல்லைகள்

எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் மங்கலான பொட்டு இருந்தால் சென்ஸார் தூசி. எஃப் 16-இல் வானத்தை எடுத்துப் பார்த்து உறுதி செய்து, ஊதுகுழலால் ஊதுங்கள், வாயால் ஊத வேண்டாம். வியூஃபைண்டரில் எல்லாம் மசங்கி, படம் மட்டும் தெளிவாக இருந்தால் பக்கத்தில் உள்ள சிறு சக்கரம் பைக்குள் உரசித் திரும்பியிருக்கிறது; உள்ளே தெரியும் எண்கள் துல்லியமாகும்வரை திருப்புங்கள். பறக்கும் பறவையின் சிறகு விசித்திரமாக வளைந்திருந்தால் சத்தமில்லா எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்திருக்கிறீர்கள்; மெக்கானிக்கலுக்கு மாற்றுங்கள். நல்ல நேரத்தில் கேமரா உறைந்து நின்றால் கார்டு மெதுவாக எழுதுகிறது. பொத்தானை விடாமல் அமுக்காமல் சிறுசிறு தொடராக எடுங்கள். ஏசி காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் பனி படிந்தால் துடைத்துக்கொண்டிருக்காதீர்கள், பையை மூடியபடி கால் மணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் பிறகு திறவுங்கள். குளிரில் பேட்டரி செத்துவிடும் என்ற அறிவுரை பனி பெய்யும் ஊருக்கானது. நம் ஊர் 18 டிகிரிக்கு ஒன்றும் ஆகாது.

குறை: படம் நன்றாக இருக்கிறது, பறவையின் பெயர்தான் பொருந்தவில்லை

கையேட்டில் போட்டிருக்கும் படம் பெரும்பாலும் இனப்பெருக்கக் கால உடையில் இருக்கும். குளிர்காலத்தில் பல பறவைகள் வேறு உடையில் வருகின்றன. கன்னமும் கழுத்தும் செங்காவியாக இருக்க வேண்டிய முக்குளிப்பான் வெளிறிய பழுப்பாக இருக்கும்; இங்கே மழைக்காலத்திலும் கூடு கட்டுவதால் இரண்டு உடையையும் ஒரே குளத்தில் பார்க்க நேரலாம். நீளவால் இலைக்கோழிக்கு அந்த நீண்ட வால் இருக்காது. மீசை ஆலாவின் கருந்தொப்பியும் கரிய வயிறும் மறைந்து, பின்தலையில் மட்டும் கருமை மிஞ்சியிருக்கும். நீலச்சிறகி ஆண் பல வாரங்கள் பெண்ணின் உடையிலேயே திரியும்; அதன் வெள்ளைப் புருவம் தெளிய ஜனவரி, பிப்ரவரி ஆகிவிடும். அதனால் அழகான ஒரு படத்தோடு நிறுத்தாமல், அலகு, கால், பறக்கும்போது சிறகின் மேற்புறம் ஆகியவை தெரியும்படி சுமாரான படங்களும் இரண்டு மூன்று எடுத்துவையுங்கள்.

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கு உங்கள் படத்தை ஆதாரமாகச் சேர்ப்பதாக இருந்தால் கேமராவின் கடிகாரத்தையும் சரிபாருங்கள். பேட்டரியை நாள்கணக்கில் கழற்றி வைத்தால் சில கேமராக்களில் தேதி மாறிவிடும். பட்டியலில் காலை ஏழு என்றும் படத்தில் நள்ளிரவு என்றும் நிற்கும். கரையில் இறங்கியதும் கைப்பேசியின் கடிகாரத்தை ஒரு படம் எடுத்துவிட்டால், எவ்வளவு வித்தியாசம் என்று தெரிந்து அன்றைய படங்கள் மொத்தத்தையும் பிறகு கணினியில் ஒரே தடவையில் திருத்திவிடலாம்.